கும்பகோணத்தில் ஒன்றரை நாள்: எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்?

ரயிலடி ராகவன்:
சனி காலை சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறோம், ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சொந்தக்காரர்கள் எல்லாரும் நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் முடித்துவிடு என்கிறார்கள், எனக்கோ நாள் முழுக்கக் காரில் உட்கார மனமில்லை. ஊருக்குள் சுற்ற வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், வீட்டுக்கு ஒரு குத்துவிளக்கு வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

குடமுருட்டி:
நவக்கிரகத்தை விடுங்கள், அதற்கு இன்னொரு முறை வரலாம். கோயில்களைப் பகல் 12 மணி வாக்கில் சாத்திவிட்டு மாலை நாலுக்கு மேல்தான் திறப்பார்கள், அதை வைத்துத் திட்டம் போடுங்கள். காலையில் கும்பேஸ்வரர் கோயில் பக்கம் மங்களாம்பிகாவில் இட்லி, காபி. அப்புறம் அப்படியே கோயிலுக்குள் நுழைந்தால் சன்னதிக்குப் போகும் நீண்ட மண்டபமே ஒரு கடைத்தெருதான். குங்குமம், வளையல், பித்தளைச் சாமான், அம்மாவை அங்கிருந்து கிளப்புவது உங்கள் பாடு. வெளியே வந்தால் பொற்றாமரைக் குளம், தாண்டினால் சாரங்கபாணி கோயில். தேர் வடிவக் கருவறை, உத்தராயண வாசல் தட்சிணாயன வாசல் என்று இரண்டு, ஆறு மாதத்துக்கு ஒன்றுதான் திறந்திருக்கும். கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடும் அந்தச் சன்னதித் தெருவிலேயே இருக்கிறது. சின்ன ஓட்டு வீடு, பத்து நிமிடம் போதும், ஆனால் தவறவிடாதீர்கள்.

வெற்றிலைக்கொடி:
கடப்பாவை ஏன் யாரும் சொல்லவில்லை? பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்டு இட்லிக்கு ஊற்றுவார்கள். இந்தப் பக்கத்துக்கே உரியது. எல்லா ஓட்டலிலும் எல்லா நாளும் கிடைக்காது, உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெங்கட்ரமணா. நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகை வைத்துப் பித்தளை டபராவில் தருகிறார்களே, அதை நினைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே பழைய கடைகளில் டபரா எவர்சில்வராகக்கூட இருக்கும், விஷயம் தண்ணீர் கலக்காத பாலிலும் முதல் டிக்காஷனிலும்தான்.

குடமுருட்டி:
பித்தளை டபராவையும் குறை சொல்லாதீர்கள் ஐயா :)

தாராசுரத்தான்:
எங்கள் ஊர் தாராசுரம், நாலு கிலோமீட்டர்தான், சனி மாலை ஆட்டோவில் வந்துவிடுங்கள். ஐராவதேஸ்வரர் கோயில், இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தஞ்சாவூர் மாதிரி அண்ணாந்து பார்க்கிற கோயில் இல்லை, குனிந்து பார்க்கிற கோயில். ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பத்தைத் தேடுங்கள், ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் மற்றது தெரியும். அறுபத்துமூவர் கதைகளைச் சாண் அளவு கற்களில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். தட்டினால் ஒலிக்கும் படிகளுக்கு இப்போது கம்பி அடைத்துவிட்டார்கள், அதற்காக வராதீர்கள். சுவாமிமலை வேண்டாம், தமிழ் ஆண்டுக் கணக்குக்கு 60 படி, அம்மாவின் முழங்கால் தாங்காது.

வெற்றிலைக்கொடி:
விளக்குக்கு ஞாயிறு காலை நாச்சியார்கோவில், பத்து கிலோமீட்டர். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்க்கிறார்கள், பட்டறையில் கேட்டால் காட்டுவார்கள். விலை எடைக்குத்தான். அடி, தண்டு, தட்டு, பிரபை எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டிப் பார்த்து வாங்குங்கள், மரை சரியில்லாத விளக்கு வீட்டில் ஆடிக்கொண்டே நிற்கும், என்னுடையது அப்படித்தான் நிற்கிறது. அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் இருக்கும் கல் கருடனையும் அப்படியே பார்த்துவிடலாம்.

ரயிலடி ராகவன்:
எல்லாருக்கும் நன்றி. சுவாமிமலையை அம்மாவே விடுவதாக இல்லை, கீழே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். கடப்பா எந்த ஓட்டலில் எந்தக் கிழமை என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதற்கேற்ப டிக்கெட்டையே மாற்றிவிடுவேன்.