சுகர், பிரஷர் நோயாளிகள்: சுபாவத்தைப் பார்த்துத் தேதி கொடுக்கலாமா?

பி.எச்.சி. செவிலியர்:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்.சி.டி. (தொற்றா நோய்) பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வருமானம், சுகருக்கு ஒரே மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரே அம்லோடிபின். ஆனால் ஒருவர் லேசாகத் தலை கிறுகிறுத்தாலே மறுநாள் வந்து இ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் மாத்திரை தீர்ந்து மூன்று மாதமாகியும் வருவதில்லை, காலில் புண் வந்த பிறகுதான் தலைகாட்டுகிறார். இதில் சுபாவத்தின் பங்கு எவ்வளவு? ஆளுமைச் சோதனைத் தாள் கொடுத்து நிரப்பச் சொன்னால் பயன்படுமா?

மருத்துவ உளவியலாளர்:
தாள் வேண்டாம் சிஸ்டர். ஓ.பி. நெரிசலில் அது நடக்காத காரியம், உங்கள் வருகைப் பதிவேடே போதும். உளவியலில் ஐந்து ஆளுமைப் பண்புகளைச் சொன்னாலும், ஆஸ்பத்திரிக்கு வருவதில் அதிகம் தெரிவது இரண்டு: பதற்றப்படும் தன்மை, ஒழுங்குணர்வு. அமெரிக்காவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கிய ஆய்வில் இருந்த குழந்தைகளின் ஆயுளை, 1993-ல் ஹோவர்ட் ஃப்ரீட்மன் குழு அலசியது. சிறு வயதிலேயே ஒழுங்குணர்வு மிகுந்திருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள்.

பதற்றக்காரர் உடம்பின் சின்ன மாற்றத்தையும் கவனித்துவிடுவார். "ஒண்ணுமில்ல, போங்க" என்றால் வேறு டாக்டரைத் தேடிப் போவார், டெஸ்டுகள்தான் பெருகும். தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, ஒரே டாக்டரிடம், முன்கூட்டியே தேதி கொடுங்கள். ஒவ்வொரு முறையும் சொல்லும் இடத்தைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். டாக்டரைப் பார்க்க நோய் வந்தாக வேண்டும் என்ற நிலை போனாலே வருகை குறையும்.

இவர்களுக்கு பி.பி.யும் கிளினிக்கில் ஏறித் தெரியும். 5 நிமிடம் பேச்சில்லாமல், முதுகு சாய்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். 140/90-ஐத் தாண்டினால், வீட்டு அளவையும் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டலாம். வீட்டில் வரம்பு 135/85.

மருந்தாளுநர்:
வராமல் போகிறவரைவிட எனக்குக் கவலை தருவது, தேதி தவறாமல் வந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். இணக்கமான சுபாவம், உங்கள் மனம் கோணக்கூடாது என்று நினைப்பார். "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் ஆமாம் என்றுதான் சொல்வார். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், விட்டுப்போவது சகஜம் என்ற தொனியில். மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லி எண்ணுங்கள். 30 கொடுத்து 30 நாள் கழித்து 9 மீதி என்றால் உள்ளே போனது 21, அதாவது 70 சதவீதம். 80-க்குக் கீழே இருக்கும்போது டோஸை ஏற்றுவது வீண்.

டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவரை எச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும், அது 2–3 மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி. ரத்தசோகை இருந்தால் மட்டும் அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

ஒழுங்குணர்வு குறைந்தவருக்கு அறிவுரை ஏறாது. "காலையில பல் தேச்சதும் அம்லோடிபின், ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவினதும் மெட்ஃபார்மின்" என்று தினமும் நடக்கும் வேலையோடு சேர்த்துவிடுங்கள், அதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அதற்கு முன், நிறுத்தியது ஏன் என்று கேட்க வேண்டும். மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு, அம்லோடிபினால் கால் வீக்கம் என்றால் அது சுபாவமே இல்லை, மருந்துப் பிரச்சினை.

கள மேற்பார்வையாளர்:
அதையேதான் நானும் சொல்ல வந்தேன். ஒரு நாள் கூலியை விட்டு வர முடியாதவரை "அலட்சியம்" என்று எழுதிவிடுகிறோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே போகிறது. விட்டுப்போனவர் பட்டியலை முதலில் அந்தத் திட்டத்தின் தன்னார்வலரிடம் கொடுங்கள். மாத்திரை கைக்கு வந்தும் சாப்பிடாதவரிடம்தான் சுபாவத்தைத் தேட வேண்டும்.

கூச்சப்படுகிறவர்களையும் மறக்காதீர்கள். வரிசையில் நாலு பேர் காதுபட மூலம், வெள்ளைப்படுதல், ஆண்மைக் குறைவு பற்றி வாய் திறக்க மாட்டார்கள். பி.பி. எடுக்கும் மேசையைச் சுவர் ஓரமாகத் தள்ளினாலே பாதி பேர் பேசுவார்கள். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இன்னும் என்ன சொல்லணும்?" என்று கேளுங்கள்.

பி.எச்.சி. செவிலியர்:
நன்றி. அடிக்கடி வருகிறவருக்கு நிஜமாகவே ஏதாவது வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவ உளவியலாளர்:
சீட்டில் "பதற்றக்காரர்" என்று எழுதவே எழுதாதீர்கள், அடுத்த டாக்டர் பரிசோதிக்காமல் அனுப்பிவிடுவார். வழக்கமான புகார் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்: புது இடத்தில் வலி, நடந்தால் வந்து நின்றால் போகும் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல், எடை குறைவு. சுகர் உள்ளவருக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே இ.சி.ஜி. எடுங்கள், அது அவருடைய பத்தாவது இ.சி.ஜி.யாக இருந்தாலும் சரி.