அப்பாவோட டிடிபி சென்டர் சாமான்: பழைய சிஸ்டம், பிளாப்பி, சிடி எல்லாத்தையும் என்ன பண்றது?

குடந்தைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல அப்பா ரொம்ப வருஷமா டிடிபி சென்டர் வச்சிருந்தாங்க, கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பில் புக்கு எல்லாம் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி அச்சுக்கு ரெடி பண்றது, இதான் வேலை. இப்ப கடைய காலி பண்றோம். பரண்லேர்ந்து இறக்குனா பென்டியம் டூ ஒண்ணு, பென்டியம் போர் ரெண்டு, குண்டு மானிட்டர் ரெண்டு, டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், செத்துப்போன யுபிஎஸ், அப்புறம் பிஸ்கட் டப்பா நிறைய பிளாப்பி, விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், கோரல் டிரா (பக்கம், படம் டிசைன் பண்ற சாப்ட்வேர்) சிடி, புக்கோட ஓசியா வந்த சிடிங்க வேற. காயலான் கடைக்காரர் வந்து பார்த்துட்டு கிலோ கணக்குல எடுத்துக்கறேன், மானிட்டருக்கு மட்டும் காசு கிடையாதுங்கறாரு. தம்பி பக்கத்து ஸ்கூலுக்குக் குடுத்துடலாங்கறான். அப்பா எதையும் தொடாதேங்கறாரு, காசு குடுத்து வாங்குன சாப்ட்வேராம். பிளாப்பில சின்னச் சின்ன ஊர்க் கோயில் தலபுராணம் எல்லாம் டைப் பண்ணது இருக்கு, அச்சடிச்ச மலர் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பேஜ்மேக்கர் மணி
தம்பி, காயலான் கடைக்காரர நாலு நாள் கழிச்சு வரச்சொல்லுங்க. முதல்ல பிளாப்பி. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ்னு ஆன்லைன்லயே விக்கிது, மூணரை இஞ்ச் 1.44 எம்பி பிளாப்பி அதுல படிக்கும், பழைய அஞ்சேகால் இஞ்ச் படிக்காது. போடுறதுக்கு முன்னாடி அந்தத் தகர மூடிய விரலால நகர்த்தி உள்ள இருக்கற கருப்புத் தகட்டப் பாருங்க, வெள்ளையா புள்ளி புள்ளியா இருந்தா பூஞ்சை, அதை அப்படியே போட்டீங்கன்னா டிரைவோட ஹெட்டு அழுக்காயி அடுத்து வர்ற நல்ல பிளாப்பியையும் கீறிடும். விண்டோஸ் 'பார்மேட் பண்ணவா'ன்னு கேட்டா தப்பித்தவறிக்கூட சரின்னு அமுக்காதீங்க, பாதி கோயிலு அங்கதான் காணாமப் போகும்.

அடுத்தது, பலபேரு கோட்டை விடுறது: பாண்டு, அதாவது எழுத்துரு. அந்தக் காலத்து பைலு யூனிகோடு (இப்ப எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறை) இல்ல. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் டாம் (TAM), டாப் (TAB)னு தமிழ் பாண்டுக்கு அரசாங்க ஸ்டாண்டர்டு வந்துச்சு, அதுக்கு முந்தியும் சரி பிந்தியும் சரி கம்பெனிக்கு ஒரு பாண்டு, பாண்டுக்கு ஒரு கணக்கு. 'அ' இருக்கற எடத்துல இன்னொருத்தன் 'ஞ' வச்சிருப்பான். அந்த பாண்டு இல்லாட்டி தலபுராணம் முழுக்க இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாத் தெரியும். அதனால ஹார்டு டிஸ்க்ல விண்டோஸ் போல்டருக்குள்ள இருக்கற பான்ட்ஸ் போல்டர அப்படியே காப்பி எடுங்க. சிஸ்டம் ஆன் ஆகலேன்னாலும் பயமில்ல, ஐடிஇ டு யுஎஸ்பி கேபிள் போட்டு டிஸ்க்க தனியா படிக்கலாம். பேஜ்மேக்கர் பைல லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும், லேஅவுட் கலைஞ்சிருக்கும், மேட்டர் கைக்கு வந்துடும். வந்தத என்எச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடு ஆக்கிக்கங்க. பென்டியம் போர்ல ஏதாச்சும் ஒண்ணு உயிரோட இருந்தா இன்னும் சுலபம், அதுலயே பேஜ்மேக்கர்ல திறந்து டெக்ஸ்டா எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க.

ரிச்சி தெரு ரவி
மணி அண்ணன் சொன்னது முடிஞ்சப்புறம் இரும்பு மேட்டருக்கு வாங்க. டாட் மேட்ரிக்ஸ தயவுசெஞ்சு எடைக்குப் போடாதீங்க, கார்பன் காப்பி பில்லு போடுற லாரி ஆபீஸ், மொத்தக் கடைல இன்னும் ஓடுது, சர்வீஸ் பண்றவங்க பார்ட்ஸுக்காகவாவது வாங்குவாங்க. யுபிஎஸ் பேட்டரிய மட்டும் கழட்டி பேட்டரி கடைல குடுங்க, ஈயத்துக்கு ரேட் உண்டு.

குண்டு மானிட்டர்தான் பிரச்சினை. அவரு ஏன் காசு இல்லேங்கறாருன்னா கண்ணாடிக்கு விலை இல்ல. பின்னாடி கழுத்துகிட்ட சுத்தியிருக்கற செம்புக் காயிலுக்காக ஒரே அடி, கழுத்து போச்சு, செம்பு உருவியாச்சு, கிலோ கணக்குல ஈயம் கலந்த கண்ணாடியும் உள்ள பூசியிருக்கற பவுடரும் ஏதாவது வாய்க்கால் ஓரத்துல கிடக்கும். போர்டையும் ஆசிட்ல ஊறவச்சுத்தான் தங்கம் எடுக்கறாங்க பல எடத்துல. 2022ல கொண்டுவந்த மின்கழிவு விதி 2023 ஏப்ரல்லேர்ந்து நடைமுறைல இருக்கு, அதுபடி பதிவு பண்ணின ரீசைக்ளர்கிட்டதான் போகணும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல லிஸ்ட் கிடைக்கும். ஆனா ரெண்டு மானிட்டருக்காக எவனும் கும்பகோணம் வரைக்கும் வண்டி அனுப்பமாட்டான், ஊர்ல இருக்கற மத்த கம்ப்யூட்டர் கடைக்காரங்களோட சேர்ந்து ஒரே லோடா அனுப்பப் பாருங்க. ஹார்டு டிஸ்க்க எது கூடவும் குடுக்காதீங்க, காப்பி எடுத்தப்புறம் டிரில்லு போட்டு ஓட்டை பண்ணிடுங்க. ஊர்ல இருக்கறவன் போன் நம்பர் எல்லாம் அந்தக் கல்யாணப் பத்திரிகைல இருக்கும்ல.

சாக்பீஸ்
நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். ஸ்கூலுக்குக் குடுக்கலாம்னு சொன்ன தம்பிக்கு நல்ல மனசுதான், ஆனா வேண்டாங்க! வர்றவங்க எல்லாரும் ஓடாததத்தான் குடுக்கறாங்க, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்திட்டா அப்புறம் உடைஞ்சாலும் கழிச்சுக்கட்ட எங்களால முடியாது, ஒரு ரூமே பூட்டிக் கிடக்கு. 2011லேர்ந்தே அரசாங்கம் பிள்ளைங்களுக்கு லேப்டாப் குடுத்திருக்கு, அதைப் பார்த்தவங்களுக்கு பென்டியம் போர்ல என்ன சொல்லித்தர்றது? வேணும்னா ஒரே ஒரு சிபியு, மூடிய கழட்டி ராம், பிராசசர், டிஸ்க் எல்லாம் பிரிச்சுக் காட்ட, அதுவும் ரிஜிஸ்டர்ல ஏத்தாம, சந்தோஷமா வாங்கிப்பேன். மானிட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், பிளக்கப் புடுங்கினப்புறமும் உள்ள ஹை வோல்டேஜ் நிக்கும், பசங்க கை சும்மா இருக்காது.

பேஜ்மேக்கர் மணி
சிடி பத்தி யாரும் சொல்லல. விண்டோஸ் 98க்கு மைக்ரோசாப்ட் 2006லயே சப்போர்ட்ட நிறுத்திடுச்சு, அதெல்லாம் உலகம் பூரா எவன்கிட்டயாச்சும் இருக்கும், ஓசி சிடியும் அப்படித்தான், எரிக்காம மின்கழிவோட சேர்த்து அனுப்புங்க. நம்ம ஆளுங்க பண்ணின தமிழ் பாண்டு பேக்கேஜ், தமிழ் சாப்ட்வேர் சிடி இருந்தா மட்டும் தனியா எடுத்து வைங்க, அதுல பல கம்பெனி இன்னிக்கு இல்ல, போச்சுன்னா போச்சு. ஐஎஸ்ஓ இமேஜ் (சிடி முழுசையும் ஒரே பைலா காப்பி) எடுத்து, மேனுவலையும் போட்டோ புடிச்சு வைங்க. காப்பிரைட் இருக்கறதால பொதுவுல ஏத்தறதுக்கு முன்னாடி பண்ணினவங்க யாராவது கிடைச்சா கேட்டுக்கங்க.

குடந்தைக்காரன்
எல்லாருக்கும் நன்றி. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், பாண்டு மேட்டர்ல மணி அண்ணன் சொன்னது கரெக்டுன்னு சொல்லிட்டு மானிட்டர குடுக்க ஒத்துக்கிட்டாரு. பென்டியம் போர் ஒண்ணு ஆன் ஆவுது. பின்னாடி பிரிண்டர் கேபிள் மாட்டற எடத்துல தீப்பெட்டி சைஸ்ல என்னமோ ஒண்ணு திருகி வச்சிருக்கு, ஒயர் எதுவும் இல்ல, கழட்டிடவா?

பேஜ்மேக்கர் மணி
கழட்டிடாதீங்க தம்பி!! அது தமிழ் சாப்ட்வேரோட லாக்கு, டாங்கிள்னு சொல்வோம். அது இல்லேன்னா சாப்ட்வேர் திறக்காது, கம்பெனி மூடியிருந்தா இன்னொண்ணு வாங்கவும் முடியாது. எல்லா பைலும் டெக்ஸ்டா வெளிய வர்ற வரைக்கும் அந்த சிபியு அப்படியே நிக்கட்டும்.