400 பேர் மண்டபத்துக்கு 18 இன்ச் சப் (சப்வூஃபர், பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸ்): எத்தனை வேண்டும், எங்கே வைப்பது, ஆம்ப் எவ்வளவு?

மேடைப்பலகை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 24 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரத்தில் ஒரு மண்டபம். மெல்லிசைக் கச்சேரி, ரிசப்ஷன், நடுநடுவே டிஜே. மேடையின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு 15 இன்ச் டாப் (நடு, மேல் தொனிகளுக்கான ஸ்பீக்கர்), பக்கத்திலேயே ஒரு 18 இன்ச் பேஸ் பாக்ஸ். இரண்டு பாக்ஸுக்கும் நடுவே 11 மீட்டர். பாக்ஸ் உள்ளூர் ஆசாரி அடித்தது. உள்ளே இருக்கும் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) 8 ஓம்ஸ், 600 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு). ஆம்ப் பழைய டிரான்ஸ்பார்மர் வகை, 8 ஓம்ஸில் சேனலுக்கு 800 வாட்ஸ்.

நடுவில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சு அதிருது. அங்கிருந்து ஆறேழு நாற்காலி தள்ளிப் போனால் கிக் டிரம்மே காணோம். ஆறு மாதத்தில் இரண்டு காயில் (வூஃபரின் கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) போய்விட்டது. ஏசி எல்லாம் ஓடும்போது ஆம்ப் சொருகிய பிளக்கில் 195 வோல்ட்தான் காட்டுது.

21 இன்ச்சுக்குப் போகலாமா, இல்லை 18லேயே நாலு வாங்கலாமா? ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவா, தனி ஆம்ப் வேண்டிய பாசிவா? ஆம்ப் எத்தனை வாட்ஸ்?

கோன்_கவனி எழுதியது:

வாங்குவதற்கு முன்னால் இருக்கிற இரண்டையும் இடம் மாற்றுங்க. கிக் காணாமல் போவதற்கு வாட்ஸ் காரணமில்லை, அந்த 11 மீட்டர்தான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாக்ஸ் அவருக்கு 12.17 மீட்டர், இன்னொன்று 15 மீட்டர். வித்தியாசம் 2.83 மீட்டர். ஒலி நொடிக்கு 346 மீட்டர் போகுதுன்னா, 61 ஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சரியாக அவ்வளவுதான். ஒரு கோன் தள்ளும் காற்றை இன்னொன்று அங்கே இழுத்துக்கொள்ளுது. கிக்கின் அடித்தொனி இருப்பதும் அந்தப் பக்கம்தான். இரண்டு சேனலுக்கும் வாட்ஸை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஈக்யூவில் (தொனிவாரியாக ஏற்றி இறக்கும் கருவி) 60 ஹெர்ட்ஸைத் தூக்கினாலும் அதே கதை. நடுவில் இருப்பவருக்குத்தான் இன்னும் இடிக்கும்.

எல்லா சப்பையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒட்டி வைங்க. ஒட்டி வைத்த இரண்டு பாக்ஸ், ஒன்றை விட 6 டிபி (டெசிபல், ஒலி அளவின் அலகு) கூடுதல் தரும். நாலு என்றால் 12 டிபி. ஒரே பாக்ஸுக்கு ஆம்பை இரட்டிப்பாக்கினால் 3 டிபி மட்டும், அதிலும் பாதியைச் சூடான காயில் தின்றுவிடும்.

பின்சுவரையும் கவனிங்க. பாக்ஸின் முகம் ஒரு சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 58 ஹெர்ட்ஸை அடித்துவிடும். 60 சென்டிமீட்டருக்குள் வைத்தால் அந்தப் பள்ளம் 144க்கு ஏறிவிடும், சப்புக்கு அங்கே வேலையே இல்லை.

ஓம்ஸ்கணக்கு எழுதியது:

இடம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் காயிலுக்கும் ஆம்புக்கும் வருகிறேன்.

கழற்றிய காயிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்று முழுவதும் ஒரே சீராகக் கருத்து, வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் அது சூட்டில் போனது. கருகாமல் ஃபார்மரின் (காயில் சுற்றிய குழாய்) கீழ் விளிம்பு நசுங்கியிருந்தால் காயில் பின்னால் போய் மேக்னட்டின் அடித்தட்டில் மோதியிருக்கிறது. கருகியும் இருக்கிறது, கோன் ஒரே பக்கமாகப் பிதுங்கியும் நிற்கிறது என்றால் ஆம்ப் டிசி (ஒரே திசைக் கரண்ட்) கொடுக்கிறது. அந்தச் சேனலில் புது வூஃபரை மாட்டவே கூடாது.

195 வோல்ட் சின்ன விஷயமில்லை. டிரான்ஸ்பார்மர் ஆம்பின் உள் வோல்டேஜ் மெயின்ஸோடு சேர்ந்தே இறங்கும். 230ல் 800 வாட்ஸ் தருவது 195ல் 575 வாட்ஸிலேயே அலையின் உச்சியை வெட்ட ஆரம்பிக்கும். மிக்ஸரில் இருப்பவர் பேஸ் போதவில்லை என்று இன்னும் தள்ளுவார். முழுக்கச் சதுரமாக வெட்டிய அலை, அதே உச்ச வோல்ட்டில் சைன் அலையைவிட இரண்டு மடங்கு சூடு கொடுக்கும். சின்ன ஆம்ப் பெரிய வூஃபரை எரிக்கிறது என்று சொல்வதன் உள்விஷயம் இதுதான்.

இந்த மண்டபத்துக்கு 21 இன்ச் வேண்டாம். 4 இன்ச் வாய்ஸ் காயில், 8 ஓம்ஸ், 1000 வாட்ஸ் ஏஇஎஸ் (ஏஇஎஸ் தர முறைப்படி அளந்த தாங்குதிறன்) உள்ள 18 இன்ச் நாலு போதும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டிபி என்று வையுங்கள். 1000 வாட்ஸுக்கு 30 டிபி, நாலு பாக்ஸுக்கு 12 டிபி, மொத்தம் 139. காயில் சூட்டுக்கு 4 டிபி கழியுங்கள். 16 மீட்டர் தூரத்துக்கு 24 கழியுங்கள். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் 111 டிபி நிற்கிறது, சுவர்கள் திருப்பித் தருவது தனி. மெல்லிசைக்கு இது தாராளம், டிஜேக்கும் போதும்.

ஊர் ஊராக ஏற்றி இறக்குபவருக்கு ஆக்டிவ் நல்லது. ஒரே இடத்தில் நிற்கும் மண்டபத்துக்கு என் வாக்கு பாசிவுக்கே. ஆம்ப் அதிராத, தூசி படாத ரேக்கில் இருக்கும். ஒரு சேனல் போனால் கேபிளை மாற்றி நிகழ்ச்சியை முடித்துவிடலாம். 8 ஓம்ஸில் சேனலுக்கு 1500 வாட்ஸ் உள்ள நாலு சேனல் ஆம்ப் ஒன்று, எஸ்எம்பிஎஸ் வகையில் (டிரான்ஸ்பார்மருக்குப் பதில் ஸ்விட்சிங் பவர் சப்ளை), பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன் (மெயின்ஸிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ளதாகப் பாருங்கள். நாலு பாக்ஸையும் ஒரே சேனலில் கட்டி 2 ஓம்ஸ் ஆக்காதீர்கள். கரண்ட் எல்லாம் கம்பியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 20 மீட்டர் ஓடினால் போக வர 0.3 ஓம் வருகிறது. 8 ஓம்ஸில் அது தெரியாது, 2 ஓம்ஸில் 1 டிபிக்கு மேல் தின்னும்.

இனி லிமிட்டர், அதாவது சிக்னல் ஓர் அளவைத் தாண்டாமல் பிடிக்கும் ஏற்பாடு. இது இல்லாமல் 1500 வாட்ஸை 1000 வாட்ஸ் வூஃபரில் மாட்டக்கூடாது. 8 ஓம்ஸில் 1000 வாட்ஸ் என்பது 89 வோல்ட். மணிக்கணக்கில் ஓடுவதற்குப் பாதி, அதாவது 500 வாட்ஸ், 63 வோல்ட். ஆம்பின் கெயின் (வோல்ட்டைப் பெருக்கும் அளவு) 32 டிபி என்றால் அது 40 மடங்கு. ஆகவே பிராசசரில் (ஆம்புக்கு முன்னால் சிக்னலைப் பிரித்துக் கட்டுப்படுத்தும் கருவி) ஆர்எம்எஸ் லிமிட்டரை 6 டிபியூவில், அதாவது சுமார் 1.6 வோல்ட்டில் வையுங்கள், சில நொடிகள் கழித்துப் பிடிக்கிற மாதிரி. ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்து, ஆம்ப் அவுட்டில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு தள்ளினாலும் கொஞ்ச நேரத்தில் 63க்கு வந்து நிற்க வேண்டும். அந்த முனையில் கை படக்கூடாது, ஷாக் அடிக்கும் வோல்டேஜ் அது.

மேடைப்பலகை எழுதியது:

நன்றி. காயில்களைப் பார்த்தேன். ஒன்று சீராகக் கருத்திருக்கு. இன்னொன்று கருகவே இல்லை, கீழ் விளிம்பு சப்பிப்போயிருக்கு. ஹைபாஸ் (ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) எதுவும் போடவில்லை. நடுவில் வைப்பதில்தான் சிக்கல்: ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண்ணைப் படம் எடுக்க மேடை முன்னால் கேமராக்காரர்கள் நிற்பார்கள், தரையில் பாக்ஸ் வைக்க விடமாட்டார்கள். மேடை 1.1 மீட்டர் உயரம், செங்கல் கட்டி மண் நிரப்பியது.

கோன்_கவனி எழுதியது:

சப்பிப்போன காயிலுக்கு ஹைபாஸ் இல்லாததுதான் காரணம். போர்ட் (காற்றுத் துளை) உள்ள பாக்ஸில் ட்யூனிங்குக்கு (அந்தத் துளையின் காற்று அதிரும் ஹெர்ட்ஸ்) கீழே கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இருக்காது. ஐந்து கம்பி பேஸ் கிடாரின் தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். டிஜே டிராக்கிலும் 35க்குக் கீழே சரக்கு இருக்கும். சத்தம் வராது, கோன் மட்டும் ஓடும்.

ஆசாரி அடித்த பாக்ஸின் ட்யூனிங்கைக் கண்ணாலேயே பிடிக்கலாம். கோனின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைங்க. போன் ஆப்பில் சைன் எடுத்து, நாலைந்து வோல்ட் மட்டும் போகிற மாதிரி கொடுங்க. 60 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்குங்க. புள்ளி முதலில் கோடாக நீண்டு தெரியும், இறங்க இறங்கக் கோடு சுருங்கும். ஓரிடத்தில் கிட்டத்தட்டப் புள்ளியாகவே நிற்கும். அதே நேரத்தில் போர்ட் வாயில் பிடித்த டிஷ்யூ பேப்பர் நன்றாகப் படபடக்கும். அதுதான் ட்யூனிங். இன்னும் இறக்கினால் கோடு திரும்ப நீளும். 38ல் நின்றால் ஹைபாஸ் 35ல், ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டிபி.

இடத்துக்கு வழி உங்கள் மேடையிலேயே இருக்கு. செங்கல் மேடையின் முன்சுவரில் நடுவில் இரண்டரை மீட்டர் அகலத்துக்கு மாடம் வெட்டுங்க. மேலே லிண்டல் போட வேண்டும், இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீங்க. 60 சென்டிமீட்டர் அகல பாக்ஸ் நாலு வரிசையாக நிற்கும். முகம் சுவரோடு சமமாக, முன்னால் இரும்பு கிரில். அடியில் ரப்பர் பேட். பக்கத்தில் இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுங்க, விட்டால் அது தனியாக உறுமும். உள்ளே குடைவான பலகை மேடையாக இருந்தால் இதைச் சொல்லவே மாட்டேன், மேடை முழுக்க அதிர்ந்து மைக் எல்லாம் ஊளையிடும்.

மேடைப்பக்கம் பேஸ் போகாமலிருக்க ஒரு பாக்ஸைத் திருப்பி வைக்கும் கார்டியாய்டு முறையை யாராவது சொல்வார்கள். திருப்பிய பாக்ஸுக்குப் பின்னால் காலியிடம் வேண்டும், மாடத்தில் அது நடக்காது. பாட்டு மைக்கில் 120 ஹெர்ட்ஸ் லோகட் (அதற்குக் கீழே வெட்டும் ஃபில்டர்) போட்டால் போதும்.

மெயின்ஸ்போர்டு எழுதியது:

கரண்ட் பக்கம். பிளக்கில் 195 வரும்போது மெயின் போர்டில் எவ்வளவு என்று அதே நேரத்தில் அளங்க. போர்டில் 225 இருந்தால் இடையிலுள்ள வயர் அல்லது ஜாயிண்ட் குற்றம். போர்டிலும் 195 என்றால் மின்வாரிய இணைப்பில் குறை, ஸ்டெபிலைசர் வைத்து மறைக்காமல் புகார் கொடுங்க.

நாலு சேனல் 1500 வாட்ஸ் என்றால் 6000. மெல்லிசைக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு போகும், டிஜேக்கு மூன்றில் ஒன்று வரை. அதாவது 2000 வாட்ஸ் வெளியே போக, உள்ளே சுமார் 2600 வாட்ஸ் இழுக்கும், 11 ஆம்பியர். போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (ஆன் செய்யும் நொடியின் கூடுதல் கரண்ட்டைப் பொறுக்கும் பிரேக்கர்) போடுங்க. பி கர்வ் போட்டால் ஆன் செய்யும்போதே விழும். ஏசி, டிம்மர் லைட் இல்லாத ஃபேஸில் கொடுங்க. மிக்ஸரும் ஆம்பும் ஒரே ஃபேஸ், ஒரே எர்த்.

நியூட்ரல் ஜாயிண்டைக் கையோடு இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. மூன்று ஃபேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் 400 வோல்ட் அருகே ஏறி, எல்லாக் கருவியும் ஒரே நொடியில் போகும். ஹம் வருகிறது என்று எர்த் பின்னை மட்டும் கழற்றாதீங்க. மைக் பிடித்திருப்பவரின் உயிர் அந்தப் பின்னில்தான் இருக்கு.

ஓம்ஸ்கணக்கு எழுதியது:

மாடத்தில் வைத்த பிறகு டாப்போடு சேர்ப்பது பாக்கி. கிராஸ்ஓவர் (சப்பும் டாப்பும் பிரியும் இடம்) 90 ஹெர்ட்ஸ், இரண்டு பக்கமும் 24 டிபி லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டர். அளக்கும் மைக்கை மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் பக்கவாட்டில் வையுங்கள். அங்கே சப் 12.4 மீட்டர், அந்தப் பக்க டாப் 12.3 மீட்டர். தூரம் ஏறக்குறைய சமம் என்றாலும் ஃபில்டரும் போர்ட்டும் ஃபேஸைத் (அலையின் ஏற்ற இறக்க நேரத்தை) திருப்பும், அதனால் அளக்காமல் விட முடியாது.

எதிர்ப்பக்க டாப்பை மியூட் செய்துவிட்டு 90 ஹெர்ட்ஸ் சைன் கொடுங்கள். டாப் தனியாக, சப் தனியாக இரண்டும் ஒரே அளவு காட்டும்படி லெவலை வையுங்கள். சப்பின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ்) திருப்புங்கள். பிறகு சப் டிலேயை (தாமதத்தை) அரை மில்லிசெகண்டாக 11 வரை ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் ஒலி அளவு மீட்டர் சட்டென்று விழும். அந்த எண்ணை அப்படியே விட்டு, போலாரிட்டியைப் பழையபடி மாற்றினால் அதே இடத்தில் இரண்டும் முழுமையாகச் சேரும். விழுந்த எண் ஐந்தரைக்கு மேல் வந்தால் அதை 11.1லிருந்து கழித்து, அந்த மீதியை டாப்புக்குக் கொடுங்கள், சப்புக்கு டிலே வேண்டாம். 70லும் 110லும் ஒருமுறை பாருங்கள்: இரண்டும் சேர்ந்த அளவு, தனித்தனி அளவைவிடக் குறையக் கூடாது.

சப்பைத் தனி ஆக்ஸில் (மிக்ஸரின் தனி அவுட்) ஓட்டுங்கள். கிக், பேஸ் கிடார், கீபோர்ட், ரிதம் பேட், தவிலின் தொப்பிப் பக்க மைக் மட்டும் அதில் போகட்டும்.