இரண்டு பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்களின் வலை இடைமுகத்தைப் பார்த்தவுடன் வேறுபடுத்துவது எப்படி?

கேள்வி: இரவுப்பணி

எங்கள் அலுவலகத்தில் பிஎஃப்சென்ஸ் (வலைப்போக்குவரத்தை வடிகட்டும் மென்பொருள்) ஓடும் ஃபயர்வால்கள் இரண்டு, ஒன்று முதன்மையாகவும் மற்றொன்று மாற்றாகவும், ஒன்று செயலிழந்தால் மற்றது பொறுப்பேற்கும் கார்ப் முறையில் இணைந்து ஓடுகின்றன. விதிகளை முதன்மைப் பெட்டியில் திருத்தினால் அவை எக்ஸ்எம்எல்ஆர்பிசி என்ற ஒத்திசைவு வழியாக மாற்றுப் பெட்டிக்குத் தாமாகச் சென்றுவிடும். மாறாக, மாற்றுப் பெட்டியில் யாராவது ஒரு விதியைச் சேர்த்தால் அடுத்த ஒத்திசைவில் அது சுவடின்றிப் போய்விடும். ஆனால் இரண்டின் இடைமுகமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருப்பதால், பிரவுசரில் இரண்டு டேப்களும் திறந்திருக்கும்போது எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதை ஐபி முகவரியின் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

மாற்றுப் பெட்டியின் மேற்பட்டை மட்டும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்பதும், நுழைவுப் பக்கத்தில் நிறுவனச் சின்னம் வர வேண்டும் என்பதும் எங்கள் விருப்பம். பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் யூசர் மேனேஜரில் என் கணக்குக்குக் கறுப்புத் தீமைத் (தோற்ற வடிவை) தேர்ந்தெடுத்தேன். சிறிது நேரத்தில் இரண்டு பெட்டிகளும் கறுப்பாகிவிட்டன. தோற்றத்தைத் தீர்மானிக்கும் மூல சிஎஸ்எஸ் கோப்பையே திருத்திவிடலாம் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் அப்டேட்டுக்குப் பிறகும் அது நிலைக்குமா?

பதில்: வடிகட்டி

இரண்டு பெட்டிகளும் கறுப்பானதற்குக் காரணம் ஒத்திசைவுதான். யூசர் மேனேஜரில் தனிப்பயன் அமைப்புகளை இயக்கித் தேர்ந்தெடுக்கும் தீம், அந்தப் பயனரின் பதிவோடு சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. உயர் கிடைப்பு ஒத்திசைவில் (இரு பெட்டிகளுக்கிடையிலான அந்த நகலெடுப்பில்) பயனர்களும் குழுக்களும் சேர்க்கப்பட்டிருந்தால் அந்தத் தேர்வும் கூடவே மறுபெட்டிக்குப் போய்விடும். மேலும், பயனர் அமைப்பு பொது அமைப்பை மீறி நிற்கும் என்பதால், அதை இயக்கி வைத்திருக்கும்வரை நீங்கள் வேறெங்கே மாற்றினாலும் பலன் தெரியாது. எனவே முதலில் எல்லா நிர்வாகிக் கணக்குகளிலும் அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள். பிறகு சிஸ்டம் பட்டியலில் ஜெனரல் செட்டப் பக்கத்துக்குச் சென்று, ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகத் தீமைத் தேர்ந்தெடுங்கள். ஹோஸ்ட்நேம், அதாவது பெட்டியின் பெயர், இருக்கும் அந்தப் பக்கம் ஒத்திசைக்கப்படுவதில்லை.

அதே பக்கத்தில் மேற்பட்டையில் ஹோஸ்ட்நேமைக் காட்டும் வசதியும் இருக்கிறது. ஹெல்ப் என்ற மெனுத் தலைப்பு இருந்த இடத்தில் பெட்டியின் பெயர் வந்து நிற்கும். என்னைக் கேட்டால், நிறத்தைவிட இதுதான் முக்கியம், ஏனெனில் நிறக்குருடு உள்ள நிர்வாகிக்கு நீலப் பட்டையும் ஊதாப் பட்டையும் ஒன்றுதான். டேப்பின் தலைப்பில் இயல்பாகவே ஹோஸ்ட்நேம் முதலில் வருகிறது. ஆனால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே நீண்ட முன்னொட்டைக் கொடுத்துக் கடைசி எழுத்தில் மட்டும் வேறுபடுத்தியிருந்தால், குறுகிய டேப்பில் அந்த வேறுபாடு வெட்டுப்பட்டுவிடும். பெயரின் தொடக்கத்திலேயே வேறுபாடு தெரியும்படி வையுங்கள்.

பதில்: பின்னொளி

மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம். அது பிஎஃப்சென்ஸ் தொகுப்புக்குச் சொந்தமான கோப்பு என்பதால், அடுத்த அப்டேட் அதன் மேல் புதிய பிரதியை எழுதிவிடும். உங்கள் திருத்தமும் அதோடு போய்விடும். 2016-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து இந்த இடைமுகம் பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுதியின் அடிப்படையில் அமைந்திருக்கிறது. வலை இடைமுகத்தின் சிஎஸ்எஸ் அடைவுக்குள் நீங்கள் புதிய பெயரில் ஒரு கோப்பை இட்டால், ஜெனரல் செட்டப்பின் தீம் பட்டியலில் அந்தப் பெயரும் தானாகவே சேர்ந்துவிடும்.

மூலக் கோப்பை முழுவதுமாக நகலெடுத்துத் திருத்துவது பலரும் செய்வது. எனக்கு அது உவப்பில்லை. அடுத்த பதிப்பில் இடைமுகத்தில் புதிதாக ஏதேனும் சேர்ந்தால், உங்கள் பழைய நகலுக்கு அது தெரியாது, பக்கம் ஆங்காங்கே குலைந்து நிற்கும். அதற்குப் பதிலாகப் புதிய கோப்பின் முதல் வரியில் மூலக் கோப்பை இம்போர்ட் கட்டளையால் உள்ளே அழைத்துவிட்டு, அதன் கீழே நீங்கள் மாற்ற விரும்பும் ஓரிரு சிஎஸ்எஸ் விதிகளை மட்டும் எழுதுங்கள். மேற்பட்டையின் மீது வலச்சொடுக்கி இன்ஸ்பெக்ட் கொடுத்தால், பூட்ஸ்டிராப்பில் அந்தப் பட்டைக்கு உரிய நேவ்பார் என்ற வகைப்பெயர் தெரியும். அதற்குப் பின்னணி நிறம் கொடுக்க ஒரே விதி போதும். அப்டேட்டுக்குப் பிறகு தோற்றம் விநோதமாகத் தெரிந்தால், வேறெதையும் ஆராய்வதற்கு முன் பிரவுசரின் கேஷை அழித்துப் பாருங்கள்.

இப்படிச் சேர்த்த கோப்பு வழக்கமான அப்டேட்டில் தப்பிவிடும், ஆனால் பெட்டியில் புதிதாக நிறுவினால் தப்பாது. ஏனென்றால் கான்ஃபிக் பேக்கப்பில் (அமைப்புகளின் காப்புப் பிரதியில்) தீமின் பெயர்தான் இருக்குமே தவிர, நீங்கள் சேர்த்த கோப்பு இருக்காது. ஃபைலர் என்ற தொகுப்பை நிறுவி அதன் வழியாகக் கோப்பைச் சேர்த்தால் அதன் உள்ளடக்கமும் கான்ஃபிக்கிலேயே பதிவாகும். அது அதிகப்படி என்று தோன்றினால், கோப்பைக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொண்டாலே போதும், நான்கு வரிதானே.

ஒரு வேண்டுகோள்: மாற்றுப் பெட்டிக்குச் சிவப்பு வேண்டாம். விதிப் பட்டியலில் அனுமதிக்குப் பச்சையும் தடைக்குச் சிவப்பும் ஏற்கெனவே பொருளோடு இருக்கின்றன. ஊதாவோ பழுப்போ குழப்பம் தராது.

பதில்: வடிகட்டி

பின்னொளி சொன்னதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தத் தீம்களை அப்படியே இறக்கிப் போடாதீர்கள். நிறம் மாற்றும் கோப்புதானே என்று தோன்றும். ஆனால் சிஎஸ்எஸ் கோப்பு வெளி முகவரியிலிருந்து எழுத்துருவையோ படத்தையோ அழைக்க முடியும், அப்போது நிர்வாகி எந்த நேரத்தில் உள்ளே இருக்கிறார் என்பது அந்த வெளிச் சேவையகத்துக்குத் தெரிந்துவிடும். அதைவிட மோசமாக, படிவப் பெட்டியில் உள்ள மதிப்பைப் பொறுத்து வெவ்வேறு முகவரிகளை அழைக்குமாறு விதி எழுதி, பக்கத்தில் இருப்பதைச் சிறிது சிறிதாகக் கசியவைக்கும் வித்தையும் உண்டு. கோப்பில் யூஆர்எல், இம்போர்ட் ஆகிய சொற்களைத் தேடி, அவை உங்கள் பெட்டிக்குள்ளேயே முடிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஸ்டைலஸ் போன்ற பிரவுசர் நீட்சியால் நிறம் மாற்றுவோருக்கும் இது பொருந்தும். தவிர, அந்த மாற்றம் அந்த ஒரு பிரவுசரில் மட்டுமே தெரியும் என்பதால், இரவில் வேறு கணினியிலிருந்து நுழைபவருக்கு அது உதவாது.

கேள்வியாளர்: இரவுப்பணி

மிக்க நன்றி. கணக்குகளிலிருந்த தேர்வை நீக்கியதும் மாற்றுப் பெட்டி தன் நிறத்திலேயே நிற்கிறது. சின்னத்துக்கு என்ன வழி?

பதில்: பின்னொளி

நுழைவுப் பக்கத்தின் நிறத்தை ஜெனரல் செட்டப்பில் மாற்றலாம். ஹோஸ்ட்நேமையும் அங்கே காட்டச் சொல்லலாம், ஆனால் உள்நுழையாதவருக்கும் அது தெரியும் என்பதை மறக்க வேண்டாம். சின்னத்தை மாற்றுவதற்கான அமைப்பு அங்கே கிடையாது. மூலக் கோப்புகளைத் திருத்தினால்தான் முடியும், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதே வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். நிர்வாகிகள் சிலர் மட்டுமே பார்க்கும் பக்கத்துக்கு இந்தப் பாடு தேவையா என்று மேலிடத்தில் கேட்டுப் பாருங்கள். விருந்தினர் வைஃபைக்குக் கேப்டிவ் போர்ட்டல் (இணையத்துக்குள் விடும்முன் நுழைவுப் பக்கம் காட்டும் வசதி) வைத்திருந்தால், அதன் நுழைவுப் பக்கத்தில் சொந்தச் சின்னத்தைப் பதிவேற்ற முறையான வசதியே இருக்கிறது, அதைப் பார்ப்பவர்களும் அதிகம்.