வள்ளி திருமணம்: தர்க்கத்தை நேரத்துக்குள் முடிப்பது எப்படி?

வணக்கம். மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை அரங்கத்துக்குள் போடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் வந்து பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. மாலை 6.30-க்குத் தொடக்கம், 9 மணிக்கு அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். திருவிழாவில் விடிய விடிய நடக்கிற நாடகம் இது.

சிக்கல் தர்க்கத்தில்தான். தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் எதிரெதிரே நின்றுவிட்டால் கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு என்று ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் கல்யாணக் காட்சியை அவசரமாக முடிக்க வேண்டியதாகிறது. ஸ்பெஷல் நாடக வழக்கப்படி நடிகர்கள் தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்பட்டவர்கள், ஒத்திகை கிடையாது.

வசனத்தை எழுதிக் கொடுத்தோம், பாடம் ஒப்பித்த மாதிரி ஆகிவிட்டது. பபூன், டான்ஸ் பகுதியை எடுத்துப் பார்த்தோம், பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நியாயமான கோபம், அதைத் திரும்பச் சேர்த்துவிட்டோம். ஆர்மோனியக்காரர் சைகை காட்டினார். பாட்டு வேகத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து நாடகம் போடுவது தை மாதம். காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மாற்றுவதாக இல்லை.

தர்க்கத்தை எழுதி வைக்காமல், அதன் சூடும் குறையாமல், அரை மணி நேரத்துக்குள் நிறுத்தி ஆடியவர்கள் இங்கே இருந்தால், எந்த இடத்தில் எப்படி முடித்தீர்கள் என்று சொல்வீர்களா?