சுனிடினிப் மாத்திரை: அப்பாவுக்கு கால்ல கொப்புளம், நிறுத்தலாமா?

காவேரிக்கரை:
அப்பாவுக்கு 62 வயசு, கிட்னி கேன்சர், க்ளியர் செல் டைப்னு ரிப்போர்ட். ஒரு கிட்னி எடுத்தாச்சு, இப்ப நுரையீரலுக்கு பரவியிருக்குனு சுனிடினிப் 50 எம்ஜி குடுத்திருக்காங்க, நாலு வாரம் போடணும் ரெண்டு வாரம் கேப். மூணாவது வாரமே உள்ளங்கால் செவந்து குதிகால்ல கொப்புளம், பாத்ரூம் வரைக்கும் நடக்கவே சுவத்த புடிச்சுக்கறார். வாய்ப்புண்ணுல ரசம் சாதம் கூட எரியுதாம். பிபியே இல்லாதவருக்கு இப்ப 160/100, மீசை வேற வெள்ளையாயிட்டு வருது. கேன்சர்னா கீமோ தானே குடுப்பாங்க, இதென்ன மாத்திரை? சித்தப்பா இத நிறுத்திட்டு நாட்டு மருந்துக்கு போலாம்ங்கறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வார்டு சிஸ்டர்:
நீங்களா நிறுத்தாதீங்கம்மா, அதே சமயம் அடுத்த விசிட் வரைக்கும் பொறுக்கவும் வேணாம், இன்னைக்கே டாக்டருக்கு போன் போட்டு கொப்புளத்தையும் பிபியையும் சொல்லிடுங்க.

வழக்கமான கீமோ கிட்னி கேன்சருக்கு பெருசா கேக்காது. க்ளியர் செல் டைப்ல பெரும்பாலும் விஎச்எல்ங்கற ஜீன் கெட்டுப் போயிருக்கும். அது நல்லா இருந்தா எச்ஐஎஃப்னு ஒரு புரோட்டீன அப்பப்ப அழிச்சிட்டே இருக்கும், அது கெட்டதும் எச்ஐஎஃப் சேர்ந்துபோய், ஆக்சிஜன் இருக்கும்போதே இல்லாத மாதிரி அந்த செல் நடந்துக்கும், உடனே ரத்தக்குழாய வளரச் சொல்ற விஇஜிஎஃப்ங்கற சிக்னல வெளிய விட்டு புதுசு புதுசா ரத்தக்குழாய் வளக்கும், கட்டி அதுல தான் வளருது. (உடம்பு ஆக்சிஜன எப்படி உணருதுங்கற அந்த ஆராய்ச்சிக்கு தான் 2019ல நோபல் குடுத்தாங்க.) 2006லயே வந்த சுனிடினிப், அந்த விஇஜிஎஃப் போய் ஒட்டற இடத்த அடைக்குது.

ஆனா நல்ல ரத்தக்குழாய்க்கும் அதே விஇஜிஎஃப் வேணும்ல, அதனால தான் பிபி ஏறுது. உள்ளங்கை உள்ளங்கால் மாதிரி அழுத்தம் விழற இடத்துல சின்ன குழாய்ங்க ரிப்பேர் ஆக முடியாம தோல் உரியுது. மீசை வெளுக்கறது முடிக்கு நிறம் குடுக்கற செல்லுக்கு வேண்டிய இன்னொரு சிக்னலையும் மருந்து தடுக்கறதால, பயப்பட ஒண்ணுமில்ல, மருந்து நின்னா நிறம் திரும்பும்.

பாண்டி 67:
என் வீட்டம்மாவும் இதே மாத்திரை தான் சாப்பிட்டாங்க தங்கச்சி. எம்சிஆர் செருப்பு (மெத்துனு ரப்பர் வச்சது) வாங்கி குடுங்க, வீட்டுக்குள்ளயும் அதையே போடட்டும், கூட காட்டன் சாக்ஸ். சுடுதண்ணியில கால் வைக்க வேணாம். யூரியா கலந்த க்ரீம டாக்டர்கிட்ட கேட்டு தடவுங்க, ஆனா கொப்புளம் உடைஞ்ச எடத்துல தடவாதீங்க, எரியும். வாய்க்கு சோடா உப்பு கலந்த தண்ணியில கொப்பளிக்கணும், ஆல்கஹால் போட்ட மவுத்வாஷ் வேணாம். நல்லா குழைச்ச தயிர் சாதம், ஆறின இட்லி எறங்கும். எங்களுக்கு டாக்டர் ரெண்டு வாரம் போட்டு ஒரு வாரம் கேப்னு மாத்தினாரு, அதுக்கப்புறம் தான் அவங்க எழுந்து நடமாடினாங்க. இன்னொண்ணு, ஒரே அசதியா படுத்தே கெடந்தா தைராய்டு டெஸ்ட் கேளுங்க, இவங்களுக்கு டிஎஸ்எச் ஏறியிருந்துச்சு, அதாவது தைராய்டு சரியா சுரக்கல, மருந்து குடுத்ததும் தெளிஞ்சாங்க.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, சிஸ்டர். போன் பண்ணிட்டேன், மாத்திரைய சில நாள் நிறுத்தி, பிபிக்கு மாத்திரை எழுதி குடுத்திருக்காங்க, கால் ஆறினதும் 37.5ல ஆரம்பிக்கலாம்னாங்க. டோஸ் கொறைச்சா கேன்சர் ஏறிடாதா? இம்யூனோதெரபினு சொல்றாங்களே அதுக்கு மாறினா சைட் எஃபெக்ட் கம்மியா?

வார்டு சிஸ்டர்:
தாங்கற அளவுக்கு கொறைச்சு விடாம சாப்பிடறது தான் முக்கியம்மா, முழு டோஸ்ல பாதியில விட்டுட்டா யாருக்கு லாபம்? நிவோலுமாப், இபிலிமுமாப் எல்லாம் ஊசி, நம்ம எதிர்ப்பு சக்திக்கு போட்டிருக்கற பிரேக்க எடுத்துவிடும். கம்மினு சொல்ல முடியாது, வேற மாதிரி. அந்த எதிர்ப்பு சக்தி சொந்த குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டையே தாக்கலாம், ஊசி போட்டு மாசக்கணக்கு கழிச்சு கூட வரும். அந்த ஊசி போடறவங்களுக்கு பேதி ஆனா கடையில மாத்திரை வாங்கி அடக்கக்கூடாது, ஸ்டீராய்டு தேவைப்படலாம்.

சித்தப்பா சொல்ற நாட்டு மருந்து எதுவா இருந்தாலும் டாக்டருக்கு தெரியாம வேணாம், சுனிடினிப்பே கல்லீரல பாதிக்கலாம், கூட இன்னொண்ணு சேர்ந்தா எது காரணம்னே கண்டுபிடிக்க முடியாது. கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் வேணாம், ரத்தத்துல மருந்தோட அளவ ஏத்திடும். பல்லு புடுங்கறதா இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. பிபிய தினம் ஒரு நோட்டுல எழுதுங்க, பயங்கர தலைவலி, கண்ணு மங்கல், மூச்சு வாங்கறது வந்தா நேரா எமர்ஜென்சி.