5 சதவீதத்துக்குள் ஒளியும் ஆயுதக் கடன்

பேரேடு:
‘ஆயுதக் கம்பெனிக்குக் கடன் இல்லை என்று ஒரு வங்கி பாலிசியில் எழுதிவிட்டால் போதும், அது அறவழி வங்கி, கண்ணை மூடிக்கொண்டு பணம் போடலாம்’ என்று நேற்று ஒருவர் இங்கே எழுதினார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாலிசியின் அடிக்குறிப்பைப் பார்த்தீர்களா? ‘மொத்த விற்றுமுதலில், அதாவது விற்பனைத் தொகையில், 5 சதவீதத்துக்கு மேல் ஆயுதத்திலிருந்து வந்தால்’தான் தடை என்று ஒரு வரி பல வங்கிகளில் இருக்கும். சில இடங்களில் 10. ஒரு குழுமம் 6,000 கோடி டாலருக்கு விற்கிறது, அதில் ஆயுதம் 3 சதவீதம் என்று வையுங்கள். 180 கோடி டாலர். கடன் உண்டு. 10 கோடிக்கு விற்கும் சின்னக் கம்பெனி 4 கோடிக்கு வெடிமருந்து செய்தால் 40 சதவீதம். கடன் கிடையாது. எந்த ஊர் நியாயம் இது?

தராசு:
வரம்பே வேண்டாம் என்றால் பேரிங், கேபிள், டயர் செய்பவனுக்கு யார் கடன் தருவது? அவன் சரக்கு டிராக்டருக்கும் போகும், டாங்கிக்கும் போகும். கடன் பிரிவில் இருப்பவருக்குக் கிடைப்பது ஆண்டறிக்கையின் பிரிவுவாரி வருவாய் மட்டும்தான். அதிலும் ‘விண்வெளி, பாதுகாப்பு’ இரண்டையும் ஒரே வரியில் போட்டிருப்பார்கள். கோடு எங்காவது கிழித்துத்தான் ஆகவேண்டும். இன்னொன்று, கண்ணிவெடிக்கும், ஒன்றுக்குள் பல சிறு குண்டுகளை அடைத்த கொத்துக்குண்டுக்கும் வரம்பு சுழியம்; துளி செய்தாலும் கடன் இல்லை. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பேரேடு:
விடவில்லை. அந்தச் சுழியம் எதற்கெல்லாம் என்று நீங்கள்தான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முதலீட்டு வெளிப்படுத்தல் விதியில் உள்ள ‘சர்ச்சைக்குரிய ஆயுத’ப் பட்டியல் நான்குதான்: ஆள்கொல்லிக் கண்ணிவெடி, கொத்துக்குண்டு, ரசாயன ஆயுதம், உயிரியல் ஆயுதம். அணு ஆயுதம் அதில் இல்லை. ஏவுகணை, பீரங்கிக் குண்டு, போர் விமானம் எல்லாம் உங்கள் 5 சதவீதக் குடையின் கீழ்தான் நிற்கின்றன.

புதியவன்:
ஒரு சந்தேகம். ‘அறவழி வங்கி’ என்றால் வரையறை என்ன? அதை முதலில் பேசிவிட்டால் என்ன?

மூன்றாம்கண்:
சதவீதம் பார்க்காமலும் வேலை நடக்கும், தராசு. செஸ்னா விமானம், பெல் ஹெலிகாப்டர், கோல்ஃப் வண்டி எல்லாம் செய்கிற அமெரிக்கக் கம்பெனி டெக்ஸ்ட்ரானுக்குக் கொத்துக்குண்டு ஒரு மூலை வியாபாரமாக இருந்தது. நார்வே அரசு ஓய்வூதிய நிதி அந்தக் கம்பெனியைத் தன் முதலீட்டிலிருந்து விலக்கியதாக 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 2016ல் டெக்ஸ்ட்ரான் அந்தக் குண்டையே நிறுத்துவதாகச் சொன்னது.

தராசு:
ஆர்டர் குறைந்தது, வெளிநாட்டு விற்பனைக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றுதான் காரணம் சொன்னார்கள். முதலீட்டாளருக்குப் பயந்து நிறுத்தியதாகக் கதை கட்டாதீர்கள். அது இலக்கைத் தானே தேடும் சென்சார் குண்டு. கொத்துக்குண்டு என்று சொல்வதே சர்ச்சை.

மூன்றாம்கண்:
என்ன சர்ச்சை? கொத்துக்குண்டைத் தடை செய்யும் 2008 ஒப்பந்தம் விதிவிலக்கு தருவது ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான்: உள்குண்டு 10க்குக் குறைவு, ஒவ்வொன்றும் 4 கிலோவுக்கு மேல், ஒற்றை இலக்கை உணரும் திறன், மின்னணு முறையில் தானே அழிவது, தானே செயலிழப்பது. டெக்ஸ்ட்ரானின் அந்தக் குண்டான சிபியு-97ஐத் திறந்தால் 10 உருளை, உருளைக்கு 4 வெடிமுனை, ஆக 40. உருளையை மட்டும் எண்ணுவேன் என்று அடம்பிடித்தாலும் 10 என்பது ‘10க்குக் குறைவு’ ஆகாது.

தராசு:
அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை.

மூன்றாம்கண்:
பணம் போடுபவருக்கு அது எதற்கு? பெல்ஜியம் 2007லேயே கொத்துக்குண்டு முதலீட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஒப்பந்தம் வருவதற்கு முந்தைய ஆண்டு.

பேரேடு:
குண்டை எண்ணுவது போதும். 5 சதவீதத்துக்கு வாருங்கள். அந்த வரம்பைக்கூடத் தொடாமல் பணம் போகும் வழி பாண்டு, அதாவது ஆயுதக் கம்பெனி வெளியிடும் கடன் பத்திரம். வங்கி வெளியீட்டை ஏற்று நடத்தும், சில நாளில் முதலீட்டாளர் தலையில் விற்றுவிடும், கமிஷன் எடுத்துக்கொள்ளும். ஆண்டு முடிவு பேலன்ஸ் ஷீட்டில் தடமே இருக்காது. பாலிசி ‘கடன்’ என்ற சொல்லோடு நின்றால் பாண்டு அதற்குள் வராது. பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு ஃபண்டுகளுக்கு விலக்கு என்று வேறு ஒரு வரி கிடக்கும். ‘பொது நிறுவனச் செலவுக்கு’ என்று கொடுக்கும், எடுத்து அடைத்து மீண்டும் எடுக்கும் சுழல் கடனில் எந்த ரூபாய் எந்தப் பட்டறைக்குப் போனது என்று கடன் கொடுத்தவருக்கே தெரியாது. இது அத்தனையும் தெரிந்துகொண்டுதான் 5 சதவீதத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?

தராசு:
இங்கே முன்பு நடந்த அணுமின் நிலையக் கடன் விவாதத்திலும் இதே கதைதான். பதில் சொன்னால் அடுத்த கிளைக்குத் தாவுவீர்கள். வரம்புக்கு மாற்று என்ன, அதைச் சொல்லுங்கள்.

பேரேடு:
அன்றைக்கும் பாதியில் எழுந்து போனது நீங்கள். மாற்று இருக்கிறது: பெயர்ப் பட்டியல். 1980ல் நெதர்லாந்தில் தொடங்கிய ட்ரியோடோஸ் வங்கி எந்தெந்த நிறுவனத்துக்குக் கடன் என்று வெளியிடுகிறது. இத்தாலியில் 1990ன் 185ஆம் எண் சட்டப்படி, ஆயுத ஏற்றுமதிப் பணம் எந்த வங்கி வழியாகப் போனது என்ற விவரம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. பெயர் வெளியே வந்துவிட்டால் சதவீதத்துக்கு என்ன வேலை?

தராசு:
இத்தாலிச் சட்டம் காட்டுவது ஏற்றுமதிப் பட்டுவாடாவை. உள்நாட்டு ராணுவத்துக்கு விற்பதற்கான கடன் அதில் வராது. அரைகுறையாகப் படித்துவிட்டு அடுத்தவர் அடிக்குறிப்பு படிக்கவில்லை என்று திட்டுகிறீர்கள். முதலில் விற்றுமுதல் வேறு, வருவாய் வேறு. வட்டி, பங்காதாயம் எல்லாம் வருவாயில் சேரும்.

புதியவன்:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

பேரேடு:
விற்றுமுதலோ வருவாயோ, எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 சதவீதத்தைக் குழுமத்தின் மொத்தக் கணக்கில் பார்க்கிறார்களா, கடன் வாங்கும் துணை நிறுவனத்தின் கணக்கில் பார்க்கிறார்களா? மூன்றாவது முறையாக 5 சதவீதத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

தராசு:
பாலிசிக்குப் பாலிசி மாறும். எத்தனை முறை கேட்டாலும் அதுதான் பதில்.